மூளையைக் கேளாமல் நடக்கும் குடல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கறவை மாடுகளின் வயிற்று உப்புசம் பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, தலவாக்கலையிலிருந்து வெலிமடை வரை பல இடங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. மாட்டைப் பற்றிக் கேட்டவர்களை விட, மனிதர், ஆடு, கோழி, பாம்பு என்று மற்ற உயிர்களின் வயிற்றைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் எல்லாவற்றின் அடியிலும் கிடப்பது குடலை அசைப்பது யார் என்ற ஒரே ஐயம்தான். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். தீபாவளிக்கு எங்கள் லயத்தில் நாட்டுக்கோழி அடித்தார்கள். அம்மா குடலை எடுத்துச் சட்டியில் போட்ட பிறகும் அது புழுவைப் போல நெளிந்துகொண்டே இருந்தது. தலை வேறு உடல் வேறாகிவிட்ட பிறகு, அந்தக் குடலுக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது?
– மாணவி, தலவாக்கலை

பதில்: நீங்கள் சட்டிக்குள் பார்த்ததைத்தான் உடற்றொழிலியல் அறிஞர்கள் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1899இல் லண்டனில் வில்லியம் பெய்லிஸ், ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கமூட்டிய நாய்களின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டு, குடலுக்குள் பஞ்சு உருண்டையொன்றை வைத்தார்கள். உருண்டைக்கு மேற்புறத்தில் குடல் சுருங்கியது, கீழ்ப்புறத்தில் தளர்ந்தது, உருண்டை கீழ்நோக்கி நகர்ந்தது. இந்த ஒழுங்குக்கு அவர்கள் குடலின் விதி என்றே பெயரிட்டார்கள். 1917இல் ஜேர்மனியரான போல் டிரென்டலன்பேர்க் இன்னும் ஒரு படி மேலே போய், கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்து, உள்ளே சிறிது நீரைச் செலுத்திச் சுவரை விரியச் செய்தார். உடலோடு எந்தத் தொடர்பும் அற்ற அந்தத் துண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலை அலையாகச் சுருங்கி நீரைத் தள்ளியது.

கட்டளை பிறக்கும் இடம் குடற்சுவருக்குள்ளேயே இருக்கிறது. குடலைச் சுற்றி வளையமாக ஒரு தசைப்படையும், அதற்கு வெளியே நீளவாக்கில் இன்னொரு தசைப்படையும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் மீன்வலை போல நரம்புக் கலங்கள் பின்னிக் கிடக்கின்றன. இது 1860களில் இதை விவரித்த லியோபோல்ட் அவர்பாக்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. உட்சவ்வுக்கு அடியில் இன்னொரு வலை இருக்கிறது. அதை 1857இல் கியோர்க் மைஸ்னர் விவரித்தார். உணவு உட்சவ்வை அழுத்தும்போது, அங்குள்ள சில கலங்கள் செரட்டோனின் என்ற பொருளைச் சுரந்து பக்கத்திலுள்ள உணர்நரம்புக்குச் செய்தி சொல்கின்றன. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் இந்தச் செரட்டோனினில், நம் உடலில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. உணர்நரம்பு அந்தச் செய்தியை மேலும் கீழுமாக இரு திசையில் கடத்துகிறது. மேற்புறம் போன செய்தியின் முடிவில் அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வெளிப்பட்டுத் தசை சுருங்குகிறது. கீழ்ப்புறம் போன செய்தியின் முடிவில் நைத்திரிக் ஒட்சைட்டு வெளிப்பட்டுத் தசை தளர்கிறது. தசைக்கு அடிப்படைத் தாளம் போட்டுக்கொடுக்கும் தனிக் கலங்களும் உண்டு. அவை ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயரைத் தாங்கியவை. மனித இரைப்பையில் அந்தத் தாளம் நிமிடத்துக்கு 3, முன்சிறுகுடலில் ஏறத்தாழ 12.

அப்படியானால் மூளைக்கு இதில் என்ன வேலை என்று அடுத்துக் கேட்பீர்கள். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு குடலின் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது; ஆபத்து வேளையில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகள் பெரும்பாலும் அடக்குகின்றன. ஆனால் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கட்டளையைக் கீழே கொண்டுபோவதில்லை. குடலில் நடப்பதை மூளைக்கு மேலே அறிவிக்கின்றன. குடலில் கோடிக்கணக்கில் நரம்புக் கலங்கள் இருக்க, மூளையிலிருந்து வரும் இழைகள் மிகச் சிலவே இருப்பதைக் கண்டுதான், கேம்பிரிட்ஜின் ஜோன் நியூபோர்ட் லாங்லி 1921இல் தன்னாட்சி நரம்புத்தொகுதியைப் பரிவு, வேகஸ் நரம்பு சேரும் பரபரிவு, குடல் என்று மூன்றாகப் பிரித்தார். வகுப்பறையில் முதலிரண்டை மட்டும் மனனம் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. மீன், தவளை, பல்லி, கோழி, மனிதர் என்று முதுகெலும்புள்ள எந்த விலங்கின் குடலைத் திறந்தாலும் இந்த மூன்றாவது தொகுதி அங்கே இருக்கும்.

கேள்வி: எங்கள் மாடு மூன்றாவது கன்று ஈன்று இரண்டாம் நாள் காலையில் படுத்தது, எழும்பவில்லை. காது இரண்டும் ஐஸ் போல இருந்தன. அசை போடவில்லை, சாணம் போடவில்லை, இடப்பக்கம் வயிறு ஊதியிருந்தது. குடல் அடைத்துவிட்டது, இஞ்சியும் பெருங்காயமும் எண்ணெயில் கரைத்துப் போத்தலால் ஊற்று என்று பக்கத்து லயத்தில் சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. மிருக வைத்தியர் வந்து ஊசி ஏற்றியதும் மாடு எழும்பிவிட்டது. வயிற்றுக்கு மருந்தே கொடுக்காமல் வயிறு எப்படிச் சரியானது?
– பால் மாடு வளர்க்கும் ஓர் அம்மா, பொகவந்தலாவை

பதில்: ஊற்றாமல் இருந்தீர்களே அம்மா, அதற்காகவே இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

மேலே மாணவிக்குச் சொன்னது குடலுக்குப் பொருந்தும். மாட்டின் முதல் வயிறு அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு. நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும் அந்தப் பை, தேன்கூட்டு வயிற்றோடு சேர்ந்து, புல்லைக் கலக்கவும் வாயுவை ஏப்பமாக வெளியேற்றவும் ஓர் ஒழுங்கில் சுருங்க வேண்டும். அந்த ஒழுங்கு மூளைத்தண்டில் வகுக்கப்பட்டு வேகஸ் நரம்பின் வழியாக ஒவ்வொரு முறையும் இறங்கி வருகிறது. நாயின் குடலை வெளி நரம்பில்லாமல் ஓடவிட்டுப் பார்க்க முடிந்தது. மாட்டின் இரு பக்க வேகஸ் நரம்புகளையும் வெட்டினால், முதல் வயிற்றின் ஒழுங்கான சுருக்கம் நின்றுபோகும், ஏப்பமும் நின்றுபோகும். ஆகவே மாட்டின் உடலில் எங்கே பெரிய கோளாறு வந்தாலும், காய்ச்சலோ வலியோ இரத்தத்தில் ஏதும் குறைவோ, முதலில் காட்டிக்கொடுப்பது இந்த வயிறுதான். அது நிற்பது பெரும்பாலும் வேறொரு நோயின் அடையாளமாகவே இருக்கும்.

உங்கள் மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் சுடாது. நீங்கள் தொட்டறிந்தபடி காது குளிர்ந்துவிடும். ஒரு மாட்டின் இரத்தத்தில் ஓடும் கல்சியம் முழுவதையும் சேர்த்தாலும் 3 கிராம் அளவுதான் வரும். சீம்பாலிலோ ஒரு லீற்றருக்கு 2 கிராம் வரை கல்சியம் இறங்குகிறது. எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து இரத்தத்துக்கு வந்து சேரும் வேகத்தை மடி மிஞ்சிவிட்டால், கன்று ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குள் இரத்தத்தில் கல்சியம் சரிந்துவிடும். நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் வெளிப்படுவதற்குக் கல்சியம் வேண்டும். தசை சுருங்குவதற்கும் கல்சியம் வேண்டும். இரண்டுக்கும் கல்சியம் போதாதபோது மூளை கட்டளை அனுப்பினாலும் வயிறு கேளாது. கால் தசையும் கேளாது, அதனால்தான் மாடு எழும்பவில்லை. குடலில் அடைப்பு என்று ஒன்றும் இருக்கவில்லை.

தொண்டைத் தசையும் இதே காரணத்தால் தளர்ந்திருக்கும் என்பதை நீங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். விழுங்க முடியாத மாட்டின் வாயில் ஊற்றும் எண்ணெயும் கஷாயமும் நேரே நுரையீரலுக்குள் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்துக்கு அழைத்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு போத்தல் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. கல்சியம் ஏற்றியதும் மாடு எழுந்து நின்றது, எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் மூச்சுத் திணறி, மூக்கில் நுரை தள்ளி அது இறந்தது. பால் காய்ச்சலிலிருந்து மீண்ட மாடு எண்ணெய் புகுந்த நுரையீரலால் போனது. அந்த வீட்டுக்காரர் மாட்டைக் கவனிக்காமல் விடவில்லை. கவனித்தே தவறு செய்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஊசி ஏற்றும்போது நீங்கள் அருகில் நின்றிருந்தால் இதைக் கண்டிருப்பீர்கள். கல்சியம் கழுத்து நாளத்தில் மெதுவாக இறங்க இறங்க, வைத்தியர் மறு கையால் நெஞ்சில் குழாயை வைத்து இதயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார், ஏனெனில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சில நிமிடங்களில் மாட்டின் விலாப்புறத் தசைகள் துடிக்கத் தொடங்கும். உலர்ந்திருந்த மூக்கு நுனியில் வியர்வை முத்துக்கள் அரும்பும். பிறகு தொண்டையில் ஓர் அசைவு தெரிந்து, புளித்த புல் மணத்தோடு நீண்ட ஏப்பம் ஒன்று வரும். அதன் பின் சாணம் விழும். மாட்டுக்காரர்கள் எழும்பும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் அந்த ஏப்பத்துக்காகக் காத்திருப்பேன்.

இனி இப்படி ஒரு மாடு படுத்தால், மாடு பக்கவாட்டில் சரியாமல் நெஞ்சின் மேல் படுத்திருக்கும்படி இரு புறமும் சாக்கு மூட்டைகளை முட்டுக்கொடுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வைத்தியரை அழையுங்கள். அடுத்த ஈற்றிலும் இது வரக்கூடும் என்பதால் கன்று ஈனுவதற்கு முன்பே அவரிடம் பேசிவைப்பது நல்லது.

கேள்வி: காலையில் பிளேன்டீயும் ரொட்டியும் உள்ளே போனதும் கக்கூசுக்குப் போகத் தோன்றுகிறது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரமாகிவிடும் என்று அடக்கிக்கொண்டு மலைக்குப் போனால், பிறகு நாள் முழுவதும் வரவே வராது. பசி நேரத்தில் வயிறு போடும் சத்தமோ பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் கேட்கிறது. இது நோயா?
– கொழுந்து பறிக்கும் சகோதரி, ஹட்டன்

பதில்: இரண்டும் நோயல்ல. இரைப்பை விரிந்தவுடன் பெருங்குடல் சுருங்குவது நரம்புகளும் சுரப்புகளும் சேர்ந்து செய்யும் இயல்பான எதிர்வினை; இரவு முழுவதும் ஓய்ந்திருந்த குடலில் காலை உணவுக்குப் பின் அது வலுவாக இருக்கும். வயிற்றுச் சத்தமும் அப்படியே. கடைசி உணவு செரித்து முடிந்த பின், ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, வலுவான சுருக்க அலையொன்று இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை நடந்து மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளுகிறது. 1969இல் நாய்களில் விவரிக்கப்பட்ட இந்த அலை, நாம் உண்டவுடன் நின்றுவிடும். புல்லுண்ணும் ஆட்டிலும் மாட்டிலும் தீனி தின்ற பின்பும் நிற்காமல் ஓடும்.

என்னை வருத்துவது நீங்கள் அடக்கிக்கொண்டு போவதுதான். மலக்குடல் நிறைந்ததும் உட்புற வளையத் தசையைக் குடல் நரம்புகளே தளர்த்திவிடும். வெளிப்புற வளையம் மட்டும்தான் நம் விருப்பத்துக்கு அடங்கும். அதை இறுக்கிப் பிடித்தால் மலக்குடல் விரிந்து இடங்கொடுக்கும், உந்துதல் தணியும், மலத்தின் நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்தால் மலக்குடல் தன் நிறைவை உணர்வதே மங்கிவிடும். கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, அந்த முதல் உந்துதலை வீட்டிலேயே மதியுங்கள். ஆனால் பெண்கள் நாள் முழுவதும் நிற்கும் கொழுந்து மலையில் ஒரு கழிப்பிடம் இல்லாத இடங்கள் இன்றும் இருக்கும்போது, இதை உங்கள் பழக்கக் குறை என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. அது தோட்டங்களை நடத்துபவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: என் மகன் பிறந்து இரண்டு நாளாகியும் காட்டுப்பீ (முதல் மலம்) போகவில்லை, வயிறு வீங்கிப் பச்சையாக வாந்தி எடுத்தான். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். ஆறாம் மாதம் வரை நான் கொழுந்துக் கூடை சுமந்ததாலும் கிரகணத்தன்று வெளியே நின்றதாலும்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். நரம்பு எப்படி இல்லாமல் போகும்?
– ஒரு தாய், வெலிமடை

பதில்: சகோதரி, கூடையும் கிரகணமும் இதற்குக் காரணமல்ல. அதை உங்கள் மாமியாருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

குடலின் நரம்புகள் குடலில் பிறப்பதில்லை. கருவின் முதுகுப் பக்கத்தில், மூளையும் முண்ணாணும் உருவாகும் மடிப்பின் விளிம்பில், நரம்பு முகடு என்ற கலக் கூட்டம் தோன்றுகிறது. அதில் கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படும் கலங்கள் குடலின் தலைப்பக்கத்தில் நுழைந்து, பெருகிக்கொண்டே கடைசி வரை நடந்து போகின்றன; வால் பக்கத்திலிருந்து வருபவை கடைசிப் பகுதிக்குச் சிறிது துணை சேர்க்கின்றன. 1973இல் பிரான்சின் நிக்கோல் லெ துவாரெனும் மரி-எய்மே தெய்யேயும் காடைக் கருவிலிருந்து இந்தக் கலங்களை எடுத்துக் கோழிக் கருவில் பொருத்தி, காடைக் கலங்களின் உட்கருவுக்கு மட்டும் உரிய அடையாளத்தை வைத்து அவை போன வழி முழுவதையும் தடம் பிடித்தார்கள். மனிதக் கருவில் இந்தப் பயணம் நான்காம் வாரம் தொடங்கி ஏழாம் வாரத்தில் முடிகிறது. நீங்கள் கருவுற்றிருப்பதை உறுதியாக அறிந்துகொண்ட காலத்திலேயே அது முடிந்திருக்கும். ஆறாம் மாதத்துக் கூடை அதை எட்டித் தொட்டிருக்கவே முடியாது.

நடந்து வந்த கலங்கள் கடைசி வரை போய்ச் சேராவிட்டால், மீதிப் பகுதி நரம்பில்லாமல் நின்றுவிடும். ஏறத்தாழ 5000 பிள்ளைகளில் ஒருவருக்கு இது நேர்கிறது, பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. பயணத்துக்கு வேண்டிய சமிக்ஞைகளைக் கொண்டுள்ள சில பரம்பரையலகுகளின் மாற்றமே பெரும்பாலும் காரணம், அவற்றில் ரெட் என்பது முதன்மையானது. நரம்பில்லாத குடல் துவண்டு கிடக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். நடப்பது நேர்மாறானது. தளரச் சொல்லும் நரம்பு இல்லாததால் அந்தப் பகுதி எப்போதும் இறுகியே இருக்கும், மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளி வீங்கிப்போகும். 1886இல் டென்மார்க்கின் ஹரல்ட் ஹிர்ஷ்ப்ருங் இந்நோயை விவரித்தபோது கண்ணில் பட்டது அந்த வீங்கிய பகுதிதான். குற்றவாளி கீழே ஒடுங்கிக் கிடக்கும் பகுதி என்பது தெளிவாகி, அதை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை வருவதற்கு 1948 வரை காலம் சென்றது.

குதிரைகளிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவின் பெயின்ட் இனக் குதிரைகளில், ஒரு பரம்பரையலகின் மாற்றத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற குட்டி முழு வெள்ளையாகப் பிறந்து, குடல் நகராமல் சில நாட்களில் இறந்துவிடும். தோலுக்கு நிறம் தரும் கலங்களும் நரம்பு முகட்டிலிருந்தே புறப்படுவதால் ஒரே மாற்றம் நிறத்தையும் குடலையும் சேர்த்துப் பறிக்கிறது. தாடையற்ற பழைய மீனினமான லாம்பிரேயில் கழுத்துப் பகுதிக் கலங்கள் குடலுக்குப் போவதே இல்லை. முண்ணாணிலிருந்து குடலை நோக்கி நீளும் நரம்புகளைப் பிடித்துக்கொண்டு போகும் கலங்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம்மைப் போன்ற தாடையுள்ள விலங்குகளில் பின்னர் வந்த வழி கழுத்திலிருந்து போகும் நெடும்பயணம். நெடும்பயணம் என்பதால்தான் அது சில வேளைகளில் முடியாமல் போகிறது.

மகன் வளரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் சில பிள்ளைகளுக்குக் குடல் அழற்சி வரலாம். காய்ச்சலோடு வயிறு வீங்கி, கெட்ட நாற்றத்துடன் தண்ணீராகப் போனால் வீட்டு வைத்தியம் எதையும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மருந்தடித்த லீக்ஸ் பாத்தியில் புகுந்த ஆடு, வாயில் கோழை வடிய, தண்ணீராகக் கழிந்து, நடுங்கி விழுந்தது. வைத்தியர் போட்ட ஊசி ஊமத்தையில் உள்ள நஞ்சு என்று ஒருவர் சொல்கிறார். நஞ்சுக்கு நஞ்சா?
– மரக்கறி விவசாயி, கந்தப்பளை

பதில்: உண்மைதான். அந்த ஊசியின் பெயர் அத்ரோபின். ஊமத்தையிலும், நுவரெலியாப் பக்கம் வீதியோரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊதுகுழல் பூச்செடியிலும் அதுவும் அதன் இனப் பொருட்களும் இருக்கின்றன.

மேலே பல முறை அசற்றைல்கோலின் என்று எழுதினேன். குடலைச் சுருங்கச் செய்த பின் அதை உடனுக்குடன் உடைத்து அகற்ற ஒரு நொதியம் இருக்கிறது. ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. உடையாத அசற்றைல்கோலின் தேங்கி, குடலை ஓயாமல் முறுக்குகிறது, எச்சிலையும் கண்ணீரையும் பெருக்குகிறது, கண்மணியை ஊசிமுனையாக ஒடுக்குகிறது. அத்ரோபின் அசற்றைல்கோலின் போய் அமரும் இடங்களை முன்கூட்டியே மறித்துவிடுகிறது. ஊமத்தையை மட்டும் தின்றவருக்கு இதன் மறுபக்கத்தைக் காணலாம்: வாய் வறளும், கண்மணி விரியும், குடல் நின்று வயிறு உப்பும். ஆட்டுக்கு அத்ரோபின் கொடுத்தாலும் முதல் வயிறு நின்று ஊதக்கூடும் என்பதால், அளவு பார்த்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை. ஊமத்தை இலையை அரைத்துக் கொடுக்க ஒருவரும் முயலக் கூடாது.

ஆட்டின் தோலில் மருந்து பட்டிருந்தால் கையுறை அணிந்து சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, மருந்துப் போத்தலின் லேபலை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தடித்த மனிதருக்கு இதே அறிகுறி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: குடலின் விதி கீழ்நோக்கித் தள்ளுவது என்றால், நாய் புல்லைத் தின்று கக்குவது எப்படி? எலி ஏன் கக்குவதில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கம்பளை

பதில்: வாந்தி குடலின் சொந்த ஏற்பாடல்ல, மூளைத்தண்டின் ஏற்பாடு. நாய் கக்குவதற்குச் சற்று முன், சிறுகுடலின் நடுப்பகுதியில் தொடங்கும் ஒரு பெரிய சுருக்கம் மேல்நோக்கி ஓடி உள்ளே இருப்பதை இரைப்பையில் கொண்டுவந்து சேர்க்கும். வேகஸ் நரம்பை வெட்டினால் அது நிகழாது. இரைப்பையிலிருந்து வாய்க்கு வெளியேற்றும் வேலையை வயிற்றுச் சுவரும் உதரவிதானமும் செய்கின்றன. எலிக்கு இந்த ஏற்பாடு இல்லாததால் எலிப்பாஷாணம் உள்ளே போனால் திரும்பி வராது. குதிரையும் ஏறக்குறைய அப்படியே.

கோழியிலோ பின்னோக்கிய அசைவு அன்றாட வேலை. கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீர், மலமும் முட்டையும் வெளியேறும் அதே பொதுக்கழிவறைக்கு வந்ததும், பெருங்குடல் ஓயாமல் பின்னோக்கி அலையடித்து அதைப் பை போன்ற குடல்வால்கள் வரை ஏற்றி, நீரையும் உப்பையும் மீட்டுக்கொள்கிறது. எச்சத்தில் காணும் வெள்ளைத் தொப்பி மீந்த யூரிக்கமிலம். பின்குடலை ஒட்டி நெடுக ஓடும் ஒரு நரம்புத் திரட்டு வேறெந்த விலங்கிலும் இல்லாமல் பறவைகளுக்கு மட்டும் உண்டு. அதை ரிமாக் நரம்பு என்பார்கள்.

கேள்வி: இரை விழுங்கிய சாரைப்பாம்பு வெயிலில் கிடப்பது ஏன்?
– மாணவன், ஹப்புத்தளை

பதில்: பாம்பின் குடலிலும் நமக்குள்ளது போன்ற நரம்பு வலை உண்டு, ஆனால் அந்த நரம்பும் தசையும் நொதியங்களும் வேலை செய்யும் வேகத்தைச் சூழலின் சூடு தீர்மானிக்கிறது. உங்கள் ஊர்க் குளிரில் நிழலிலேயே கிடந்தால், குடல் மந்தமாகி இரை செரிக்கு முன் அழுகத் தொடங்கும், பாம்பு அதைக் கக்கிவிட நேரும். அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள். பயந்து ஓடும் அவசரத்திலும் இரையைக் கக்கிவிடும்.

கேள்வி: இவற்றில் எதையாவது உயிரொன்றையும் வதைக்காமல் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?
– ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: முடியும். சாதுவான கறவை மாடு ஒன்றிருக்கும் வீட்டுக்கு, வீட்டுக்காரரின் அனுமதியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டின் இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். கையை முட்டியாக மடக்கி அதில் அழுத்தி வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். மாவு பிசைந்த பாத்திரத்தில் கையை ஊன்றியது போலிருக்கும்; சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு மேடு மெதுவாக எழுந்து முட்டியைத் தூக்கி, பிறகு அமிழும். அந்த ஒவ்வோர் எழுச்சிக்கும் மாட்டின் மூளைத்தண்டிலிருந்து ஒரு கட்டளை இறங்கி வந்திருக்கிறது. நலமான மாட்டில் 2 நிமிடங்களுக்கு ஏறத்தாழ 3 முறை இது நிகழும். தீனி தின்னும்போது எத்தனை, படுத்து அசைபோடும்போது எத்தனை என்று தனித்தனியாக எண்ணி, மாட்டின் வயதையும் கன்று ஈன்ற நாளையும் சேர்த்துக் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேரும் கணக்குகளை அடுத்த இதழில் பிள்ளைகளின் வகுப்போடு வெளியிடுகிறேன்.